அக்டோபர் ஒன்பதின் பின்பக்கம்

ஆவாரங்குளத்தில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேற்கே நடந்தால் மூன்றாவதாக வருவது தெய்வசிகாமணி அண்ணாச்சியின் பாத்திரக்கடை, அதற்கு நேர் எதிரே என் தையல்கடை. முப்பது வருடமாக மிஷினிலிருந்து நிமிரும்போதெல்லாம் என் கண்ணில் படுவது அவர் கடை வாசலில் தொங்குகிற தூக்குவாளிகள்தான். ஆகவே அந்தக் காலண்டர் வந்த வருடத்தில் ஊருக்கு நடந்ததை என்னைவிட ஒழுங்காகச் சொல்ல ஆள் கிடையாது. இருக்கிறான் என்று யாராவது சொன்னால், அவன் அந்த வருடம் ஊரிலேயே இல்லாதவனாக இருப்பான்.

பைபாஸில் நாலு மாடிக்கு ஏசி போட்ட கடை ஒன்று வந்ததிலிருந்து அண்ணாச்சி ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்து அனுப்பினார், ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாக அலறவிட்டார், கேபிள் டிவியில் கீழே எழுத்தாக ஓடவிட்டார். ஒரு கரண்டி கூடுதலாக விற்கவில்லை. சென்னையில் வேலை பார்க்கிற அவர் அக்கா மகன் தீபாவளிக்கு வந்தபோது சொன்னான்: "மாமா, வாங்க வாங்கன்னு கத்துனா இப்பல்லாம் யாரும் வர மாட்டாங்க. சனங்களுக்குப் பிரயோசனமா ஏதாவது குடுங்க. தினம் ஒண்ணு. அவங்களா உங்களத் தேடி வருவாங்க. ஒரே கண்டிசன், அதுல கடையப் பத்தி ஒரு வார்த்தை இருக்கக்கூடாது."

அண்ணாச்சிக்குக் காலண்டர் ஞாபகம் வந்தது. வருடா வருடம் கடைப் பெயர் போட்டு ஆயிரத்து நூறு தினசரிக் காலண்டர் சிவகாசியில் அடித்து வாடிக்கையாளருக்குக் கொடுப்பது வழக்கம்தான், ஆனால் தாளின் பின்பக்கம் சும்மாதான் கிடந்தது. அதில் நாளுக்கு ஒரு குறிப்பு, ஆறு வரி, முந்நூற்று அறுபத்தைந்து நாளைக்கும் எழுது தாயி என்று அவர் சொன்னது பில் போடுகிற அங்கயற்கண்ணியிடம்.

அங்கயற்கண்ணி எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். கடாய் வாங்க வந்தவளிடம் அடிப்பிடிக்காமல் கிண்டுவது எப்படி என்று கேட்டாள், இட்லிப் பானை வாங்க வந்தவளிடம் மாவு புளித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள், தேள்கடி தீக்காயம் மாதிரி விஷயங்களை அரசு ஆஸ்பத்திரி நர்சிடம் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தாள், எழுதியதைத் தன் புருசன் சோலையப்பனுக்கும் ஐந்து வயது மகள் நித்திலாவுக்கும் வாசித்துக் காட்டி, பிள்ளைக்குப் புரியாத சொல்லை அடித்துவிட்டு வேறு சொல் போட்டாள். இரண்டு மாதத்தில் நோட்டு நிறைந்தது. அதைப் போன்ற ஒரு காரியத்தை எங்கள் ஊரில் அவ்வளவு அக்கறையாக யாரும் செய்ததில்லை.

ஜனவரி ஒன்றாம் தேதித் தாளின் பின்னால் இருந்தது பால் பொங்கி வழியாமல் காய்ச்சுவது எப்படி என்பது. அன்று காலை காலண்டர் மாட்டிய ஆயிரத்து நூறு வீட்டிலும் பால் பொங்கி வழிந்தது. இரண்டாம் தேதி விக்கல், ஆயிரத்து நூறு வீட்டிலும் யாரோ ஒருவர் விக்கினார். மூன்றாம் தேதி வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை, அன்றைக்கு ஊரில் மஞ்சள் படாத வெள்ளைச் சட்டையை நான் பார்க்கவில்லை. ஏழாம் தேதி தொண்டையில் மீன்முள் சிக்கினால் என்ன செய்வது என்று வந்தபோது, மீன் வாசமே ஆகாத சைவப்பிள்ளை வீட்டு மருமகளுக்குக்கூட முள் சிக்கியது. ரசஞ்சோற்றில் முள் எப்படி வந்தது என்று மாமியார் ஒரு வாரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், ஆனாலும் தாளில் போட்டிருந்தபடி நர்ஸ் சொன்னதைச் செய்து முள்ளை எடுத்துவிட்டார்கள். காலண்டர் மாட்டிவிட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போன பையன்களுக்கு அங்கேயே முள் சிக்கியது, வீட்டுக்குப் போன் போட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள்.

பொங்கல் வருவதற்குள் ஊர் பழகிவிட்டது. காலையில் எழுந்ததும் தாளைக் கிழிப்பது, திருப்புவது, வாசிப்பது, வேண்டியதை எடுத்து வைப்பது, நடக்கட்டும் என்று உட்கார்ந்திருப்பது. தேள் தினத்தன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்துப் பாடம் நடத்தினார்கள், மூக்கில் ரத்தம் வருகிற தினத்தன்று நிச்சயதார்த்தம் வைத்திருந்த வீட்டார் மாப்பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை தைக்கச் சொல்லி என்னிடம் அவசரப்படுத்தினார்கள், தெருவில் எதிர்ப்பட்டவர்கள் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு "உங்களுக்கு ஆயிருச்சா?" என்று கேட்டார்கள். ஆகிவிட்டது என்றால் நிம்மதி, இன்னும் ஆகவில்லை என்றால் பக்கத்தில் யாராவது துணைக்கு உட்கார்ந்தார்கள்.

தாள் அறிந்து சொல்கிறதா, சொல்வதால் நடக்கிறதா என்று கேட்ட ஒரே ஆள் சவரிமுத்து வாத்தியார். வைகாசியில் அவர் காலண்டரைக் கழற்றிக் குப்பையோடு கொளுத்தினார். மறுநாள் குளவி தினம். குளவிகள் எல்லா வீட்டுக்கும் வந்ததுபோல அவர் வீட்டுக்கும் வந்தன, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்கிற ஆறு வரி மட்டும் அவரிடம் இல்லை. வீங்கின முகத்தோடு அண்ணாச்சி கடைக்கு வந்து இன்னொரு காலண்டர் வாங்கிக்கொண்டு போனார். ஒரு தடவை மாட்டினால் வருடம் முழுக்க நடக்கும், கழற்றினால் மருந்துதான் போகும் என்பது அதோடு ஊருக்கு விளங்கியது. ஆரம்பத்திலிருந்தே காலண்டர் மாட்டாத வீடுகளில் எதுவும் நடக்கவில்லை. அவர்களைப் பார்த்தால் பாவமாக இருந்தது, ஊரே விக்கிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருந்தார்கள், கடைசியில் வெட்கத்தை விட்டு அவர்களும் வந்து ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டார்கள்.

அண்ணாச்சி கடையில் நிற்க இடமில்லை. சளிக்கு வேது பிடிக்க அகலச் சட்டி, கஷாயத்துக்குக் கைப்பிடிப் பாத்திரம், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோகத் தூக்குவாளி என்று அன்றன்றைக்கு எது வேண்டுமோ அதற்கு ஓடி வந்தார்கள். பைபாஸ் கடைக்காரன் ஒரு மாடியைப் பூட்டினான். அண்ணாச்சிக்கு வியாபாரிகள் சங்கத்தில் மாலை போட்டார்கள், அங்கயற்கண்ணிக்கு ஒரு குத்துவிளக்கு கொடுத்தார்கள், அதுவும் அண்ணாச்சி கடையில் வாங்கியதுதான்.

ஆனால் அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். வராத நாளின் தாளைத் தூக்கிப் பார்க்கக் கூடாது, ஆயுசைப் புரட்டிப் பார்ப்பது மாதிரி என்பது எங்கள் ஊரில் காலண்டர் வந்த காலத்திலிருந்து இருக்கிற கட்டுப்பாடு, அதனால் மிச்சமிருந்த தாள்களில் என்ன இருக்கிறது என்று எங்கள் யாருக்கும் தெரியாது, அவள் ஒருத்திக்குத் தெரியும். பாம்பு தினத்துக்கு முந்தின நாள் அவள் பில் போடாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பாம்பு வந்தது, கடித்தது, எல்லாரும் தாளில் உள்ளபடி செய்தார்கள், எல்லாரும் பிழைத்தார்கள். எழுதியிருந்தது சரியாக இருந்தால் போதும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

செப்டம்பர் கடைசியில் ஒரு மத்தியானம் அவள் பொறுக்க முடியாமல் கடைக் காலண்டரின் தாள்களைத் தூக்கி அக்டோபர் ஒன்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். ரோடு அகலம் குறைவு, பேசினது எல்லாம் என் கடைக்குக் கேட்டது.

"அண்ணாச்சி, இதுல நான் எழுதுன கடைசி ரெண்டு வரி எங்க?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். "இல்ல தாயி... தீபாவளி வியாபாரத்துக்காகக் கடைசி மூணு மாசத்துல, மாசத்துக்கு ஒரே ஒரு தாள்ல மட்டும் நம்ம கடையப் பத்தி ரெண்டு வரி இருக்கட்டுமேன்னு போட்டுப்புட்டேன். மூணு தாள்தான். பிள்ளைக்குக் காய்ச்சல்னு நீ லீவுல இருந்தேல்ல, அப்பதான் சிவகாசியிலருந்து புரூப் வந்துச்சு. இடம் பத்தல, கடைசி ரெண்டு வரிய எடுத்துட்டு..."

"எடுத்துட்டு என்ன போட்டீங்க, வாசிங்க."

அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். நீரில் விழுந்த குழந்தையை எடுத்ததும் மல்லாக்கக் கிடத்தவும். வாயில் அடைத்திருப்பதை எடுக்கவும். மூக்கைப் பிடித்து வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதவும். நெஞ்சின் நடுவில் முப்பது முறை அழுத்தி இரண்டு முறை ஊதவும். உறுதியான மூடியுள்ள டிரம், அண்டா வகைகளுக்கு இன்றே வாருங்கள், தெய்வசிகாமணி பாத்திர மாளிகை. வாசித்து முடித்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அஞ்சாவது வரி, மூச்சு வரும்வரை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்யவும்," என்றாள் அங்கயற்கண்ணி. "ஆறாவது வரி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட வேண்டாம். இந்த ஊர்க்காரங்க தாள்ல உள்ளதுதான் செய்வாங்க அண்ணாச்சி. முப்பதுன்னு போட்டா முப்பதோட கையை எடுத்துருவாங்க."

அது உண்மைதான். ஒன்பது மாதத்தில் நாங்கள் அப்படி ஆகியிருந்தோம், ஒரு சிட்டிகை உப்பு என்று இருந்தால் ஒன்றரைச் சிட்டிகை போட எங்களுக்குக் கை வராது.

மறுநாளிலிருந்து அவள் பேனாவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள், ஒரே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிவிட்டுப் போகிறேன் என்றாள். ஒரு வீட்டிலும் விடவில்லை. வராத நாளைப் புரட்டவா, நீ நல்லாயிருப்பியா என்றார்கள். வாயால் சொல்லிவிட்டாவது போகலாம் என்று பார்த்தால் காதைப் பொத்திக்கொண்டார்கள். "நாளைக்கு உள்ளத நாளைக்குச் சொல்லும்மா," என்றாள் என் மனைவி, அவளும்தான், எங்களுக்கும் ஒரு பேத்தி இருந்தும். அச்சில் வராதது பலிக்குமா என்று கேட்டவர்களும் உண்டு. எட்டாம் தேதி சாயங்காலம் அவள் என் கடைப் பலகையில் வந்து உட்கார்ந்து அழுதாள். அண்ணாச்சிதான் ரோட்டைக் கடந்து வந்து, மைக் கட்டின ஆட்டோவைச் சொல்லியிருக்கிறேன், விடிந்ததும் புறப்படு, தாளைக் கிழித்தபிறகு சொன்னால் கேட்பார்கள் என்றார். அவர் செய்த ஒரே நல்ல விளம்பரம் அதுதான்.

அக்டோபர் ஒன்பது வெயிலோடு விடிந்தது. சோலையப்பன் அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் குடம், வாளி, தொட்டி எல்லாவற்றையும் கவிழ்த்து, குழாயைத் துணியால் கட்டி, நித்திலாவை ஜன்னல் இல்லாத அறையில் பாயில் உட்கார வைத்து, கதவுக்குக் குறுக்கே தானே உட்கார்ந்துகொண்டான். ஐந்தாவது வரியும் ஆறாவது வரியும் அவனுக்கு மனப்பாடம். "நீ போ, நான் பாத்துக்கிறேன்," என்றான். அவள் பிள்ளையின் தலையைத் தொட்டுவிட்டு வந்து ஆட்டோவில் ஏறினாள். பேட்டரியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நானும் ஏறினேன்.

கடையைத் தாண்டும்போது அங்கே கூட்டம் கூடியிருந்தது. தாளில் போட்டிருக்கிறதே, மூடி போட்ட டிரம் வேண்டும், அண்டா வேண்டும் என்று ஷட்டரைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்து, "இன்னைக்கு எதுவும் விக்க மாட்டேன், வீட்டுக்குப் போங்க, பிள்ளைகளப் பாருங்க," என்று திரும்பத் திரும்பச் சொன்னார், ஒருவரும் போகவில்லை.

வடக்குத் தெருவில் தொடங்கினோம். "மூச்சு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க, தலைகீழாத் தொங்கவிடாதீங்க, முப்பதோட விட்டுராதீங்க, மூச்சு வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க," என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். முதல் வீட்டுக் கதறல் எட்டரை மணிக்குக் கேட்டது, அதன்பிறகு ஓயவில்லை. எல்லாரும் தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்துத்தான் வைத்திருந்தார்கள், ஆனாலும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கிடைத்தது, மாட்டுத் தொட்டியில், செருப்புக் கழுவும் வாளியில், நாய்க்கு வைத்த சட்டியில், ஒரு கை அளவுத் தண்ணீரில் ஒரு பிள்ளை முழுதாக முங்கிக் கிடந்தது. நானூற்றுப் பதினேழு பிள்ளைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தாயோ தகப்பனோ குனிந்து அழுத்திக்கொண்டிருக்க, முப்பது முடிந்து கை தயங்கும்போது அவள் குரல் அந்தத் தெருவைக் கடந்தது, தயங்கின கை மறுபடி அழுத்தியது. அப்புறம் இருமல். ஒரு வீட்டில் இருமல் கேட்டால் அடுத்த வீட்டில் கேட்டது. எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை, பேட்டரியைப் பிடித்திருந்தேன். என் வீட்டு வாசலைத் தாண்டினபோது என் பேத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள், அதைவிட அழகான காட்சியை நான் பார்த்ததில்லை, ஆனாலும் ஆட்டோவை நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் தெரு கடைசித் தெரு. அதை முதலில் சுற்றலாம் என்று டிரைவர் காலையிலேயே சொன்னான், அங்கே என் வீட்டுக்காரருக்கு வரி தெரியும், அவரிடம் கேட்டுக்கொள்வார்கள், மற்றத் தெருக்காரர்களுக்குத் தெரியாது என்று அவள் மறுத்துவிட்டாள்.

நாங்கள் போனபோது மணி பதினொன்று. கதவு திறந்திருந்தது. அந்த அறையில் பாய் காய்ந்திருந்தது, தரை காய்ந்திருந்தது, சுவர் காய்ந்திருந்தது, நித்திலாவின் தலைமுடி மட்டும் குளத்திலிருந்து எடுத்ததுபோல நனைந்து ஒட்டியிருந்தது. சோலையப்பன் அழுத்திக்கொண்டிருந்தான். "கண்ண எடுக்காமப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், ஒரு தும்மல் போட்டேன், நிமிந்தா இப்படிக் கிடக்கா," என்றான். எட்டரை மணியிலிருந்து அழுத்துகிறான். அவன் மணிக்கட்டு இரண்டும் வீங்கியிருந்தன. அங்கயற்கண்ணி அவனை நகர்த்திவிட்டு மண்டியிட்டு முப்பது எண்ணினாள், இரண்டு ஊதினாள், முப்பது எண்ணினாள்.

ஊரில் மற்ற நானூற்றுப் பதினாறு பிள்ளைகளும் இருமிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாத் தெருவும் அவள் வாசலுக்கு வந்து நின்றது. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து குழலை வைத்துக் கேட்டார், வெகுநேரம் கேட்டார். மூச்சும் இல்லை துடிப்பும் இல்லை, ஆனால் உடம்பு சூடாக இருக்கிறது, இறந்ததாக என்னால் எந்தத் தாளிலும் எழுத முடியாது என்றார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவரும் முப்பது அழுத்தினார்.

வயதான ஒரு பெண்தான் மெல்லச் சொன்னாள்: "போதும்மா, நிறுத்திரு. பிள்ளைய நோகடிக்காத."

அங்கயற்கண்ணி நிமிரவில்லை. "எது வரைக்கும்னு காலையில ஊருக்கே சொன்னேன்ல," என்றாள். "எனக்கு மட்டும் வேறயா?"

அதற்குமேல் யாரும் அதைச் சொல்லவில்லை. அவள் கை தளர்ந்தபோது பக்கத்திலிருந்த என் மனைவி எண்ணிக்கையை விடாமல் கையை வைத்தாள், அவளுக்குப் பிறகு நான், எனக்குப் பிறகு டிரம் கேட்டு ஷட்டரைத் தட்டினவர்கள். ஒரு வாரத்தில் முறை வந்துவிட்டது. ஒரு தெருவுக்கு ஒரு நாள், ஒரு ஆளுக்குப் பத்து நிமிடம், கை மாறும்போது எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லி மாற வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும், பிள்ளையின் காதருகே அழக் கூடாது. ஊருக்குப் புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்ணுக்கு ரேஷன் கடையைக் காட்டுவதற்கு முன்னால் இதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். விடியற்காலை முதல் முறை எப்போதும் அண்ணாச்சியுடையது, அதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மறுவருடத்திலிருந்து காலண்டரின் பின்பக்கம் வெறுமையாக வருகிறது. பால் பொங்கினால் அது அந்த வீட்டில் மட்டும் பொங்குகிறது. அங்கயற்கண்ணி பகலில் கடைக்கு வந்து பில் போடுகிறாள், மத்தியானம் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை வீட்டுக்குப் போய்க் குனிகிறாள். சோலையப்பனுக்கு மணிக்கட்டு நேராகவில்லை, அவன் எண்ணுவதோடு சரி. வெளியூர்க்காரர்கள் கேள்விப்பட்டு வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, இது என்ன பைத்தியக்காரத்தனம், எத்தனை வருடமாக இப்படி என்று கேட்கிறார்கள். மூன்று வருடம் என்று சொல்கிறோம். செத்த பிள்ளைக்குத் தலைமுடி வளருமா என்று திருப்பிக் கேட்கிறோம்.

போன மாதம் எங்கள் தெரு முறையின்போது என் மனைவி ஊதுவதற்காக வாயைத் திறந்தாள். முன்பல் ஒன்று ஆடியது. அடுத்த நாள் கீழத்தெருக்காரர்கள் கையில் அது விழுந்தது. அதைத் தாளில் மடித்து அங்கயற்கண்ணியிடம் கொடுத்தபோது அவள் மூன்று வருடத்தில் முதல் தடவையாக எங்கள் முன்னால் உட்கார்ந்து அழுதாள், நாங்களும் அழுதோம், எண்ணுகிறவன் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான்.

இன்று காலை அண்ணாச்சி தன் முறை முடிந்து நேராக என் கடைக்கு வந்து, விரலை என் முன்னால் நீட்டி, இந்த நுனியில் பட்டது என்றார். ஈறைக் கிழித்துக்கொண்டு புதுப்பல் அரிசி அளவுக்கு வந்திருக்கிறதாம். நாளைக்கு எங்கள் தெரு முறை. எனக்குப் பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடம்.